ஒரு ஸ்பூன் எள்ளுப்பொடி

திராட்சைப் பழத்தை நீளவாக்கில்தான் நறுக்க வேண்டும். குறுக்கே நறுக்கினால் வட்டமாக நிற்கும். குழந்தையின் தொண்டைக்கு அளவெடுத்துச் செய்த மூடி மாதிரி போய் உட்கார்ந்துகொள்ளும். மஸ்கட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த வீட்டு மேடம் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. ஊரில் ஒரு கொத்தைக் கையில் கொடுத்து, "துன்னு, போ" என்று அனுப்பிவிடுவோம். இங்கே ஒவ்வொரு பழமாகக் கழுவி, துடைத்து, நீளவாக்கில் இரண்டாக, பிறகு நான்காக. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பஸ் ஏறினால் டிரைவர் ராத்திரி தூங்கினாரா என்று அவர் கண்ணைப் பார்க்கிறவள். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து பார்க்கிறவள். செய்யூர் பக்கத்தில் எங்கள் ஊரில் என்னைப் பயந்தாங்கொள்ளி கலா என்றுதான் சொல்வார்கள். இந்த நாட்டில்தான் என் பயத்துக்கு ஒரு மரியாதை கிடைத்தது. நான் எதற்கெல்லாம் பயப்படுகிறேனோ அதையெல்லாம் இவர்கள் சட்டமாகவே போட்டு வைத்திருக்கிறார்கள்.

அந்த வீட்டில் இரண்டு குழந்தைகள். லுஜைனுக்கு ஒன்பது வயது, தம்பி ஹம்தானுக்கு ஏழு. காலையில் இரண்டு டப்பா கட்ட வேண்டும். உள்ளே அறை அறையாகத் தடுத்திருக்கும் பிளாஸ்டிக் டப்பா. ஒரு அறையில் குபூஸ் ரொட்டியில் லப்னே தடவிச் சுருட்டியது. லப்னே என்றால் தண்ணீர் வடித்த கெட்டித் தயிர், வேறொன்றும் இல்லை. அடுத்த அறையில் வெள்ளரிக்காய், அதற்கடுத்து கொட்டை எடுத்த பேரீச்சம்பழம், கடைசியில் என் திராட்சை. எல்லாம் ஒரு குழந்தைக்கு, ஒரு வேளைக்கு. ஒரு வாய் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பள்ளிக்கூடத்தில் ஒருத்தர் சாப்பாட்டை இன்னொருத்தர் தொடக்கூடாது என்பது சட்டம். யார் உடம்புக்கு எது ஒவ்வாதோ, யாருக்குத் தெரியும்? அந்தச் சட்டம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவரவர் டப்பா, அவரவர் வயிறு, வம்பு இல்லை.

நான் இங்கே டப்பா மூடுகிற நேரத்துக்கு ஊரில் என் மகள் தர்ஷினியின் ஸ்கூல் வேன் வந்துவிடும். அங்கே எங்களைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். அதனால் தினமும் காலையில் மேடத்தின் சமையலறையில் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு வீடியோ போடுவேன். அங்கே அவர்களும் பருப்பு டப்பாவில் சாய்த்து வைப்பார்கள். என் மகள் முகம் தெரியாது. அவள் சடையும், யூனிபார்மின் பின்பக்கமும் தெரியும். நேராகத் தெரிவது இரண்டு கைகள்தான். சிவப்புக் கண்ணாடி வளையல் போட்ட, கொஞ்சம் குண்டான கைகள். அவை சுகந்தியுடையவை. சுகந்தி என் கொழுந்தனுடைய பெண்டாட்டி, தர்ஷினிக்குச் சித்தி. கோவளத்துக்காரி. நான் விமானம் ஏறிய வருஷம்தான் என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள், இப்போது ஆறாவது. இத்தனை வருஷமும் அவள் டப்பாவைக் கட்டியது அந்த வளையல் கைகள்தான்.

என் வீட்டுக்காரருக்கு மதுராந்தகத்தில் நெல் மூட்டை தூக்குகிற வேலை இருந்தது. முதுகு போய்விட்டது. இப்போது ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட் கேட்டில் உட்கார்ந்திருக்கிறார். அதனால் நான் வந்தேன். இதில் அழுகிறதற்கு ஒன்றுமில்லை, என்னைப் போல வந்தவர்கள் இதைப் படிக்கிற உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. எனக்குச் சுகந்தி மேல் பொறாமை. நல்ல பொறாமை, கெட்ட பொறாமை என்றெல்லாம் பிரிக்கத் தெரியவில்லை. அவள் விரலில் எண்ணெய் தெறித்துக் கொப்புளம் போட்டால்கூட, "என் மகளுக்கு அப்பளம் பொரித்துத்தானே அது" என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

எல்லாவற்றையும்விட எனக்குத் தாங்காதது, தர்ஷினி அவளைத் திட்டுவது. "இன்னா சித்தி, மறுபடியும் கேரட்டா? உனக்கு வேற காயே தெரியாதா?" என்பாள். சுகந்தி, "ஆமாண்டி, உங்க தாத்தா தோட்டம் போட்டு வெச்சிகிறாரு, பறிச்சாந்து ஆக்கறேன்" என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். என்னிடம் திரும்பினால் என் மகள், "சாப்ட்டியாம்மா? சரிம்மா. ஓகேம்மா. பை" என்பாள். அவ்வளவு மரியாதை. ஒரு நாளும் என்மேல் கோபப்பட்டது கிடையாது. திட்டு வாங்குவதற்கும் ஒரு பாத்தியதை வேண்டும்போல.

சுகந்திக்குள் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அதுதான் கஷ்டம். ஏனென்றால் இந்த வீட்டில் சுகந்தி நான்தான். ஒரு தடவை மேடம் ஆபீசுக்கு லீவு போட்டிருந்தாள். தானே ஆசையாகப் பான்கேக் சுட்டு, தேன் ஊற்றி, டப்பாவில் வைத்தாள். லுஜைன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "கலா செய்யறது வேணும்" என்று அரபியில் சொல்லி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். மேடம் சிரித்தாள். ஆனால் என்னைப் பார்த்த பார்வை சிரிக்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன், உள்ளே எனக்கு அப்படி ஒரு குளிர்ச்சி. அன்று முழுக்க பாத்திரம் தேய்க்கும்போதுகூட அந்தக் குளிர்ச்சி இருந்தது. இதே குளிர்ச்சி அங்கே சுகந்திக்கும் இருக்குமே என்று நினைத்ததும், என் சந்தோஷம் அங்கேயே நின்றுபோனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வந்த புதிதில் ஊரிலிருந்து எள்ளுருண்டை கொண்டுவந்திருந்தேன். லுஜைன் டப்பாவில் ஒன்று வைத்து, அவள் டீச்சருக்கென்று ஒன்றைத் தனியாகக் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிடப் போனபோது அந்த டீச்சர் வாசலுக்கே வந்துவிட்டாள். இரண்டு உருண்டையையும் டிஷ்யூவில் சுற்றி, அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, கவரின் நுனியை மட்டும் பிடித்து என்னிடம் நீட்டினாள். "நாட் அலவ்டு, சாரி" என்று சிரித்தாள். பிறகு அங்கேயே குழாயில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள்.  கடல் தாண்டி வந்தும் இதுதானா என்று நின்றேன். வீட்டுக்கு வந்து மேடத்திடம் திக்கித் திணறிக் கேட்டேன். மேடம் "சிம்சிம், சிம்சிம்" என்று சொல்லி, தன் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை உருட்டி, மூச்சு நிற்கிற மாதிரி நடித்துக் காட்டினாள். சிம்சிம் என்றால் எள். லுஜைன் வகுப்பில் ஒரு பையனுக்கு எள் பட்டாலே தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடுமாம். அவ்வளவுதான் விஷயம். அன்றிலிருந்து அந்த முகம் தெரியாத பையனுக்காகப் பயந்து பயந்து நானும் கையைக் கழுவினேன்.

ஆனாலும் என் மனசு முதலில் வேறு இடத்துக்குத்தான் ஓடியது. அதற்குக் காரணம் இருக்கிறது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் சத்துணவு எல்லாருக்கும் ஒரே அண்டாவில்தான் வெந்தது. ஆனால் தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்காரும் இடம் அவரவர் தெருவைப் பொறுத்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் குழாய்க்குப் பின்பக்கம். வீட்டிலிருந்து ஏதாவது தொட்டுக்கொள்ளக் கொண்டுபோனால் எங்களுக்குள்தான் கொடுத்துக்கொள்வோம். மற்றவர்கள் வாங்க மாட்டார்கள். எங்களுக்குக் கொடுப்பார்கள், மேலே இருந்து போடுகிற மாதிரி. எட்டாவதோடு நான் நின்றதற்கு வீட்டுக் கஷ்டம் ஒன்று, அந்த மத்தியான வேளை இன்னொன்று. நின்ற பிறகு கல்யாண சமையல் செட்டோடு காய் நறுக்கப் போனேன். அங்கேதான் புளிசாதம் கற்றுக்கொண்டேன். பெரிய சமையல்காரர் எல்லாரும் பார்க்கப் புளிக்காய்ச்சல் காய்ச்சுவார். கடைசியில் யாரும் பார்க்காதபோது சூட்டோடு ஒரு பொடி தூவுவார். வறுத்து அரைத்த வெள்ளை எள். வறுக்கிறது நான் என்பதால் எனக்குத் தெரியும். "எல்லாத்தையும் சொல்லிட்டா நாளைக்கு நம்மள எவன்டி கூப்புடுவான்?" என்பார்.

போன வருஷம் ஜூலையில் எனக்கு லீவு கிடைத்தது. இங்கே பள்ளிக்கூடம் விடுமுறை, ஊரில் திறந்து நடந்துகொண்டிருந்தது. பெட்டியில் மற்ற சாமான்களுக்கு நடுவே துணி சுற்றி ஒரு டப்பா வைத்திருந்தேன். லுஜைனுடையது மாதிரியே, தடுப்பு வைத்தது, ஊதா நிறம். வந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன், "நான் கீற வரைக்கும் புள்ளைக்கு டப்பா நான்தான் கட்டுவேன்." சுகந்தி தன் பையனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, "கட்டுக்கா. எனக்கு இன்னா, இன்னும் கொஞ்ச நேரம் தூங்குவேன்" என்றாள். அவள் கொஞ்சமாவது முகம் சுளித்திருக்கலாம். ஒன்றும் இல்லாதது மாதிரி கொடுத்துவிட்டாள். தன்னுடையது என்கிற தைரியம் இருந்தால்தானே அப்படிக் கொடுக்க முடியும்?

முதல் நாள் சின்னச் சின்னச் சப்பாத்தியாகச் சுட்டு, உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டி, வெள்ளரிக்காய், பேரீச்சம்பழம், நீளவாக்கில் நறுக்கிய திராட்சை என்று அடுக்கினேன். என் கண்ணே பட்டுவிடும்போல இருந்தது. தர்ஷினி எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, படையல் மாதிரி கீது?" என்றாள். அப்புறம் உடனே, "சூப்பரா கீதும்மா" என்றாள். சாயங்காலம் டப்பா அப்படியே திரும்பி வந்தது. "பசிக்கலம்மா." இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் திராட்சை வாடி, சப்பாத்தி விறைத்து வந்தது. எனக்கு என்னென்னவோ ஓடியது. ஜுரமா, மஞ்சள் காமாலையா, வயிற்றில் பூச்சியா? நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், கண்ணை இழுத்துப் பார்த்தேன், நாக்கை நீட்டச் சொன்னேன். வீட்டுக்காரர் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டே, "ஒரு டப்பாவுக்கு இவ்ளோ பேஜாரா? பசிச்சா துன்னும், உடு" என்றார். நான் விடவில்லை. மகள் தூங்குகிறபோது அவள் வலது கையை எடுத்து மோந்து பார்த்தேன். பூண்டு வாசனை. வேர்க்கடலைத் துவையல் வாசனை. நான் பூண்டே சேர்க்கவில்லை.

மறுநாள் பிள்ளையை வேன் ஏற்றிவிட்டு வந்ததும் சுகந்தியிடம் கேட்டுவிட்டேன்.

"சுகந்தி, புள்ளைக்கு நீ ஏதாவது தனியாக் குடுத்து அனுப்பறியா?"

"இன்னாக்கா சொல்ற?"

"பையில வெச்சி. எனக்குத் தெரியாம."

அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "நான் குடுக்கறதா இருந்தா உன் எதுர்லயே குடுப்பேன். உன்னக் கண்டு எனக்கு இன்னா பயம்? எதுக்குக் கேக்கற?"

"கையில பூண்டு வாசன வருது."

"கைய மோந்து பாத்துகினு கீறியா?" என்றாள். "போலீஸ்ல சேர வேண்டியவக்கா நீ. அநியாயமா மஸ்கட்ல போய் மாட்டிகின."

சொல்லிவிட்டுப் பெருக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் சிரித்திருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன், அழுதிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். பொறாமைக்கு எதைப் போட்டாலும் தீனிதான். நான் புடவை மாற்றிக்கொண்டு மதுராந்தகம் பஸ் ஏறினேன். அங்கேதான் தர்ஷினி படிக்கிற தனியார் பள்ளிக்கூடம். மத்தியானம் சூடாகச் சாப்பாடு எடுத்து வருகிற அம்மாக்கள் கேட்டில் கூடையும் கையுமாக நிற்பார்கள். நானும் கையில் ஒரு ஸ்பூனை வைத்துக்கொண்டு நின்றேன். பிள்ளை ஸ்பூனை மறந்துவிட்டாள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. வாட்ச்மேன் கேட்டார், "யாரும்மா நீங்க?"

"ஆறாவது தர்ஷினியோட அம்மா."

மேலும் கீழும் பார்த்தார். "தர்ஷினி அம்மாவ எனக்குத் தெரியுமே. சின்னப் பையனத் தூக்கிகினு மீட்டிங்குக்கு வருவாங்க. நீங்க பெரியம்மாவா?"

பாஸ்போர்ட்டில் என் பெயர் இருக்கிறது, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் என் பெயர் இருக்கிறது. இரண்டும் அப்போது கையில் இல்லை. இல்லை என்று வாதாடினால் உள்ளே விட மாட்டாரோ என்கிற பயத்தில், "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். மஸ்கட் விமான நிலையத்தில்கூட என்னை யாரும் அப்படிக் கேட்டு மடக்கியதில்லை.

வராண்டாவில் பெண் பிள்ளைகள் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தர்ஷினி ஒரு வட்டத்தில் இருந்தாள். அவளோடு சேர்த்து ஏழு பேர். நான் தூணோரம் நின்றுவிட்டேன். சாப்பிட ஆரம்பிப்பதற்கு முன்னால் மற்ற ஆறு பேரும் தங்கள் டப்பா மூடியைத் திருப்பித் தரையில் வைத்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியும் எழுந்து தன் சாப்பாட்டில் ஒரு பிடியை ஒவ்வொரு மூடியிலும் வைத்துக்கொண்டே போனாள். தயிர்சாதம், தக்காளி சாதம், ஒரு பாய் வீட்டுப் பெண் தேங்காய்ப்பால் சோறு, ஒருத்தி இட்லியோடு வேர்க்கடலைத் துவையல். பூண்டு வாசனை அங்கிருந்துதான். சுற்றி முடித்த பிறகுதான் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாரும் யார் தெரு என்று பார்க்கவில்லை. எல்லா மூடியிலும் எல்லாம் இருந்தது. என் மகள் மட்டும் எழுந்திருக்கவே இல்லை. அவளுடைய ஊதா டப்பா மூடியபடி பைக்கு அடியில் இருந்தது. அவள் முன்னாலும் யாரோ கொடுத்த ஒரு மூடி இருந்தது; அதில் ஆறு பேர் வைத்த ஆறு பிடி இருந்தது. அவள் தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

என்ன செய்வாள்? ஒரு பிள்ளைக்கு அளவெடுத்த டப்பா. எழுந்து போய் ஆளுக்கு ஒரு கால் திராட்சை வைப்பாளா? கொடுக்க வெட்கப்பட்டு மறைத்துவிட்டாள். நான் குழாய்க்குப் பின்பக்கம் வாங்கித் தின்ற கதை என் மகளுக்கு வரக்கூடாது என்றுதான் கடல் தாண்டினேன். இப்போது நானே ஒரு ஊதா டப்பாவில் அதைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். இத்தனை வருஷமாக அவள் எல்லாருக்கும் சமமாக எழுந்து நடந்திருக்கிறாள் என்றால், அது சுகந்தி கட்டிய டப்பாவால். இதை நினைத்தபோது எனக்கு நன்றிதான் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு.

அதற்குள் வாட்ச்மேன், "தர்ஷினி, உன் பெரியம்மா வந்துகிறாங்க பாரு" என்று அங்கிருந்தே குரல் கொடுத்துவிட்டார். அவள் திரும்பினாள். "அம்மா" என்றாள், மெதுவாக. மற்ற பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "ஐ, மஸ்கட் அம்மா." அதில் ஒரு ரெட்டைச் சடைக்காரி ரொம்ப அக்கறையாகக் கேட்டாள், "ஆன்ட்டி, சுகந்தி சித்தி ஊருக்குப் போயிட்டாங்களா? எப்ப வருவாங்க?"

நான் ஸ்பூனை மகள் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். பஸ் ஏரிக்கரையோரம் போகும்போது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.  வீட்டுக்குப் போனதும் சுகந்தியுடைய பெரிய இரண்டடுக்கு எவர்சில்வர் டப்பாவைப் பரணிலிருந்து இறக்கினேன். அதை வீடியோவில் பார்க்கும்போதெல்லாம், "இவ்வளவு அடைக்கிறாளே, பிள்ளை பெருத்துப்போகாதா, அளவு தெரியவில்லையே" என்று நினைத்திருக்கிறேன். சுகந்தி பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ ஆசையா அடுக்கிகினு இருந்த, எப்படிச் சொல்றது?" என்றாள். "ஏழு புடி போட்டு, அதுக்கு மேல இவளுக்கு ரெண்டு புடிக்கா. அந்த ரெட்ட சடக்காரி வெள்ளிக்கெழம முட்ட தொடாது. இன்னொரு பொண்ணுக்குக் கத்திரிக்கா துன்னா ஒடம்பெல்லாம் அரிக்கும், அது வந்துருந்தா கத்திரிக்கா போடமாட்டேன்."

இவளும் சட்டம் வைத்திருக்கிறாள். எழுதி ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சுகந்தி கோவளத்தில் அம்மா வீட்டு விசேஷத்துக்குப் பையனைத் தூக்கிக்கொண்டு போனாள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. விடியலிலேயே எழுந்து புளிக்காய்ச்சல் காய்ச்சினேன். தனியா, மிளகாய், வெந்தயம் வறுத்துப் பொடித்து, வேர்க்கடலை நிறையப் போட்டு, நல்லெண்ணெய் மிதக்கக் கிளறினேன். கடைசியில் சூட்டோடு ஒரு ஸ்பூன் எள்ளுப்பொடி. சமையலறையில் வேறு யாரும் இல்லை என்று தெரிந்தும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். ஏழு பிடி, மேலே இரண்டு பிடி. டப்பாவை அழுத்தி மூடினேன். அன்று முழுக்க எனக்கு உட்கார முடியவில்லை. உப்பு கூடியிருக்குமோ, புளி பல்லில் கூசுமோ, எள் யாருக்காவது ஆகாமல் போய்த் தொண்டை வீங்கியிருக்குமோ? வேன் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடினேன். டப்பாவை வாங்கி ஆட்டிப் பார்த்தேன். காலி. ஒரு பருக்கை இல்லை, எண்ணெய்கூட வழித்திருந்தார்கள்.

"இன்னா சொன்னாங்க?" என்றேன்.

"செம்மயா கீதுன்னாங்கம்மா. மூடியெல்லாம் நக்கிட்டாங்க." ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "சித்தி வந்துட்டாங்களா, சித்தி வந்துட்டாங்களான்னு ஒரே கொண்டாட்டம்."

"அம்மா செஞ்சதுன்னு சொல்ல வேண்டிதான?"

 ஷூ கயிற்றையே முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், "நீ செஞ்சதுன்னு சொன்னா, நீ போனதுக்கப்பறம் அதே வேணும்னு கேப்பாங்கம்மா. அப்ப நான் எங்க போவேன்?"

 "கை கால் கழுவு, டீ வெக்கறேன்" என்றேன். சுகந்தி திரும்பி வந்ததும், மிச்ச நாளெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்தே கட்டினோம். நான் நறுக்க, அவள் அள்ளி வைத்தாள். பிடி அளவு என் கைக்கு வரவில்லை. என் கை சின்னது என்று அவள் சிரித்தாள்.

திரும்பி வந்து சில மாதம் ஆகிவிட்டது. மறுபடியும் சர்க்கரை டப்பாவில் போன், அந்தப் பக்கம் பருப்பு டப்பா. வந்த கொஞ்ச நாளில் ஒரு காலையில் சுகந்தி கரண்டியோடு போன் முன்னால் வந்து நின்றாள். "அக்கா, நீ செஞ்ச புளிசாதத்துக்கு நான் பேர் வாங்கிகினு கீறேன், தெரியுமா? இப்ப மாட்டிகினேன். அன்னிக்கு மாதிரி செய்யி சித்தின்னு அதுங்க தெனம் சொல்லி வுடுதுங்க. எப்படிச் செஞ்ச, சொல்லு." நான் சொன்னேன். தனியா எவ்வளவு, மிளகாய் எவ்வளவு, வெந்தயம் கருகக்கூடாது, நல்லெண்ணெய்க்குக் கஞ்சத்தனம் படாதே, எல்லாம் சொன்னேன். எள்ளைச் சொல்லவில்லை. யோசித்து வைத்துச் செய்ததல்ல. வாய் அந்த இடத்தில் நின்றுவிட்டது. அவள் செய்து பார்த்தாள். வரவில்லை. மறுபடி கேட்டாள், மறுபடி அதையே சொன்னேன். கரண்டியைப் போனுக்கு நேராக நீட்டி, "மோந்து பாத்துச் சொல்லுக்கா, நீதான் போலீஸாச்சே" என்றாள். நான் சிரித்துவிட்டு, லுஜைனின் திராட்சையை நறுக்கிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அந்தப் பக்கம் சடையும் யூனிபார்மின் முதுகும் தெரியவில்லை. முகம் தெரிந்தது, போனை அப்படியே மூக்குக்கு நேராகப் பிடித்திருந்தாள். "அம்மா, நீ ஒழுங்காவே சொல்லல. என்னமோ ஒண்ண உட்டுட்ட. சித்தி எத்தன வாட்டி செய்யும்? உனக்கு இன்னாம்மா அவ்ளோ மறதி? செஞ்சவதான நீ, நல்லா யோசிச்சுச் சொல்லு. அதுங்க என்னயப் புடுங்கி எடுக்குதுங்க." புருவம் நெறிந்து, மூக்கு விடைத்து, என் மகள் என்னைத் திட்டினாள். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டேன். எள் என் நாக்கு நுனியில்தான் இருந்தது. இரண்டு எழுத்து. சொல்லிவிட்டால் டப்பா சரியாகிவிடும், அவள் பழையபடி முதுகைக் காட்டிக்கொண்டு, "சரிம்மா, ஓகேம்மா" என்பாள்.

"நாளைக்கு யோசிச்சுச் சொல்றேண்டி" என்றேன்.

"நேத்து சித்திகிட்டயும் இதத்தான் சொன்ன" என்றாள் கோபமாக. வேன் ஹாரன் கேட்டது. போன் பருப்பு டப்பாவுக்குத் திரும்பியது. வளையல் கைகள் மூடியை அழுத்தின. இங்கே நான் லுஜைனின் டப்பாவை மூடினேன், க்ளிக் என்றது.

லீவு முடிந்து வரும்போது ஒரு சின்ன பாட்டிலில் அந்தப் பொடியைக் கொண்டுவந்திருக்கிறேன். மூன்று கவர் போட்டு, என் அறையில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. இந்தச் சமையலறைக்கு அது வரக்கூடாது. அந்தச் சமையலறைக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. வெள்ளிக்கிழமை லீவில் மட்டும் எடுத்து, மூடியைத் திறந்து, ஒரு தடவை மோந்து பார்ப்பேன். பிறகு உடனே போய், அந்தப் பையனை நினைத்துக்கொண்டு, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவேன்.